வடிவாப் பார்

இருபது நிமிஷம். எதிர்ச் சுவரில் தொங்குகிற பெரிய கடிகாரத்தில் சிவப்பு எழுத்தில் இருபது, பக்கத்தில் இரண்டு புள்ளி, அப்புறம் இரண்டு சைபர். அது குறைந்துகொண்டே வந்து ஒன்றுமில்லாமல் போகிற நேரத்தில் சங்கு ஊதும். ஊதும்போது கயல் திரும்புகிறாளா இல்லையா என்று பார்த்துவிட வேண்டியது, அவ்வளவுதான், இதற்காகத்தானே பால்புட்டியும் டயப்பரும் மாற்றுச் சட்டையுமாக மூட்டை கட்டிக்கொண்டு, வெளியே மைனஸ் பதினெட்டில் மூக்குக்குள் மயிர் விறைக்க பஸ்ஸுக்கு நின்று வந்தது என்று செண்பகவடிவு தன்னிடமே சொல்லிக்கொண்டாள். பின்லாந்துக்கு வந்த இந்த நாலு மாசத்தில் புருஷன் இல்லாமல் அவள் தனியாகப் பஸ் ஏறியது இதுதான் இரண்டாவது தடவை. எட்டு நாட்டிலிருந்து பதினெட்டு வயசுக்குட்பட்ட பெண்பிள்ளைகள் வந்து ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள், பகல் ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது என்று அடுக்குமாடிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரி அதைப் படித்துச் சொல்லிவிட்டு, குழந்தையைக் கொண்டுபோனால் காதை மூடிக்கொள், ஒவ்வொரு பகுதி முடியும்போதும் ஹாரன் அடிப்பான், கட்டடமே ஆடும் என்று சிரித்தாள். கட்டடமே ஆடும் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தது. ஆட்டத்தில் மூன்று பகுதி. முதல் பகுதி முடிந்து ஹாரன் அடித்தபோது கயல் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், அசையவே இல்லை, ஆனால் தூங்குகிற பிள்ளையை வைத்து என்ன சொல்ல முடியும், அவளுடைய அப்பா நயினாரும்தான் இடி விழுந்தாலும் தெரியாமல் தூங்குகிற ஆள். இப்போது விழித்திருக்கிறாள். பால் குடித்து, ஏப்பம் விட்டு, மடியில் எதிர்முகமாக உட்கார்ந்து, பதினொரு மாசத்துக்கு உரிய கொழுத்த கையால் அம்மாவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு முழு விழிப்பாக இருக்கிறாள். வாசலில் மஞ்சள் அங்கி போட்ட பெண் ஒருத்தி குழந்தைகளுக்கென்று வைத்திருந்த குட்டிக் காதுமூடியை இரவல் கொடுத்தாள், ரோஸ் நிறம், ரெண்டு பன்ரொட்டியைச் சேர்த்து ஒட்டினது மாதிரி. கீழ்வரிசைகளில் இருக்கிற எல்லாக் குழந்தைகளும் அதைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. கயலுடையது பைக்குள், டயப்பருக்கு அடியில் கிடக்கிறது.

சங்கு என்றுதான் வடிவுக்கு வாயில் வருகிறது. லீவுக்கு விக்கிரமசிங்கபுரத்துச் சித்தி வீட்டுக்குப் போனால் மில் சங்கு ஊதும், சித்தி அதைக் கேட்டு உலை வைப்பாள், அது ஒரு சங்கு. கயல் பிறந்த புதிதில் பால் புகட்ட வெள்ளிச் சங்கு ஒன்று இருந்தது, அதன் மூக்கை உதட்டோரம் வைத்தால் போதும், பிள்ளை சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொள்ளும், அது ஒரு சங்கு. இன்னொரு சங்கும் உண்டு, தெருவில் பாடைக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவது, அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றவுடன் நினைப்பு அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது, ஈ மாதிரி. அதை ஓட்டுவதற்காகக் கீழே பார்த்தாள். பெண்கள் பனிக்குள் இறங்கிவிட்டார்கள், வெள்ளைச் சட்டை கனடா, நீலச் சட்டை செக். தலைக்கவசத்துக்குக் கீழே பின்னல்கள் தொங்குகின்றன, ஒற்றைப் பின்னல், இரட்டைப் பின்னல், கான்வென்ட்டில் போல ரிப்பன் மட்டும்தான் இல்லை. இந்தப் பக்கத்து வலைக்கு முன்னால் கனடாவின் கோல்கீப்பர் வந்து நின்றாள், முதுகில் முப்பத்தொன்று. மெத்தையைச் சுருட்டிக் காலில் கட்டிக்கொண்டது போல இருந்தவள், நின்றதும் முதல் வேலையாக, மெஷின் வைத்துக் கண்ணாடி மாதிரி இழைத்துவிட்டுப் போன பனியைக் காலால் அப்படியும் இப்படியும் சுரண்டிச் சொரசொரப்பாக்கினாள். எதற்கு? இவ்வளவு அழகாக வழுவழுப்பாக்கி வைத்ததை ஏன் கெடுக்க வேண்டும்? யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. பிறகு மட்டையால் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. நடுவர் கறுப்பு வில்லையைக் கீழே போட்டார், இரண்டு மட்டைகள் மோதின, கடிகாரம் பத்தொன்பது ஐம்பத்தொன்பது என்றது.

"வடிவா! பார்! வடிவாப் பார்!"

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊரில், இந்தக் குளிர்ப்பெட்டிக்குள், தன் பேரைச் சொல்லி யார் கத்துவது? குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு, கான்வென்ட்டில் பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்பது போலப் பாதி எழுந்தேவிட்டாள். தனக்கு இடப்பக்கம் மூன்று நாற்காலி தள்ளி, பெரிய கறுப்புக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நெற்றியில் குட்டிப் பொட்டு, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "வடிவாப் பார் பிள்ளை, இடப்பக்கம் வாறாள்!" வடிவு நிற்பதைப் பார்த்ததும் அந்தப் பெண் கையை இறக்கினாள். "என்ன பிள்ளை, மறைக்கிறனோ?" "இல்லக்கா, என்னையக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு." "உங்களையோ?" "என் பேரு வடிவு." அந்தப் பெண் ஒரு கணம் புரியாமல் பார்த்துவிட்டு, பிறகு தொடையில் அடித்துச் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "ஐயோ கடவுளே! எங்கட ஆக்கள் வடிவாப் பார் எண்டா நல்லாப் பார் எண்டு அர்த்தம். கவனமா, சரியாப் பார் எண்டு. நீங்கள் இந்தியாவே? எவடம்?" "பாளையங்கோட்டை. திருநெல்வேலிப் பக்கம்." "நான் சுகிர்தா. யாழ்ப்பாணம், இப்ப கனடாவில ஸ்காபரோ. அந்தா நிக்கிறாள் பாருங்கோ, வலைக்கு முன்னால, மதுஷா, என்ர மகள்தான்." மூன்று நாற்காலியைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாத் தாய்தகப்பனும் கீழ கண்ணாடிக்குப் பக்கத்தில. எனக்கு அங்க இருக்கேலாது. அந்தக் கறுப்புச் சாமான் என்ர நெஞ்சுக்கு நேர வாற மாதிரி இருக்கும். அதுதான் உச்சிக்கு வந்திட்டன். நீங்கள் ஏன் இஞ்ச மேல வந்து குந்தியிருக்கிறீங்கள்?" வடிவு, "பிள்ளைக்குக் குளிரும்னு" என்றாள். பொய். கீழேயும் மேலேயும் ஒரே குளிர்தான்.

முதல் பகுதி தொடங்கும்போது கீழேதான் இருந்தாள், கண்ணாடிச் சுவரை ஒட்டி. இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி நெட்டித் தள்ளிக்கொண்டு வந்து பலகையில் மோதினார்கள், தொம் என்று ஒரு அதிர்வு, நாற்காலி வழியாக முதுகில் ஏறியது, கயல் கைதட்டிச் சிரித்தாள். வடிவுக்கு உயிர் திரும்பி வந்தது, ஆ, கேட்கிறது, கேட்கிறது என்று. அடுத்த தொம், அடுத்த சிரிப்பு. நாலாவது தடவை மோதினபோதுதான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த புத்தி மெல்லத் தலையை நீட்டியது. மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடும், செதிலுக்குள், தண்ணீர் அசைவதை அந்தக் கோட்டால் மீன் அறியும், பரீட்சைக்குப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறாள், பத்துக்குப் பத்து. பிள்ளைக்குக் கயல்விழி என்று பேர் வைத்தபோது கண்ணைத்தான் நினைத்தார்கள். தொம் என்பது காதில் விழுகிறதா, முதுகில் விழுகிறதா? கண்ணாடியில் வைத்த அந்தக் குட்டி உள்ளங்கையில் விழுகிறதா? அது தெரியாதவரை சிரிப்பு கணக்கில் சேராது. அதனால்தான் தூங்கின பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதிர்வு எட்டாத உச்சி வரிசைக்கு, சிமென்ட்டில் பதித்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஏறி வந்தது. இதைப் போய்ப் பக்கத்தில் இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது.

பதினைந்து நாற்பது. இங்கே கடிகாரத்துக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, விசில் ஊதி ஆட்டம் நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது, யாரும் குறை சொல்ல முடியாது. இருபது நிமிஷம் என்பது அரைமணி நேரம் கூட ஆகலாம். வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு சௌகரியம், மனசுக்குள் ஒருத்தன் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறான், நாலு மாசமாக. முதலில் விமானத்தில். இறங்கும்போது எல்லாக் குழந்தைகளும் வீறிட்டன, ஒன்று ஆரம்பிக்க அதைக் கேட்டு இன்னொன்று, தீப்பெட்டி ஆலையில் நெருப்புப் பிடித்தது போல. கயல் மட்டும் ஜன்னலில் ஒட்டின துளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் புள்ளயப் பாரு, எவ்வளவு சமத்து" என்றார் நயினார். அந்தச் சமத்து என்ற வார்த்தையில்தான் முதல் முள் தைத்தது. அப்புறம் குக்கர் விசில். அப்புறம் முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டுப் பார்த்தது. முதல் தடவை திரும்பினாள், ஆனால் தட்டு விழும்போது வெளிச்சம் பட்டுச் சுவரில் ஒரு மின்னல் ஓடியதே, அதற்குத் திரும்பினாளோ? இரண்டாவது தடவை திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போட்டாள். திரும்பவில்லை. மூன்றாவது தடவை போடத் தைரியம் வரவில்லை, கீழ்வீட்டுக்காரி கோபித்துக்கொள்வாள் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். அம்மாவிடம் போனில் மெல்ல வாயைத் திறந்தபோது, "ஏளா, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுத? பச்சப்புள்ளைக்குக் காது கேக்காம இருக்குமா? வாயக் கழுவு மொதல்ல" என்றாள். நயினார் சிரித்தார். "எங்க பெரியப்பா மவன் அஞ்சு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. இப்ப வக்கீலு. தொறந்த வாய மூட மாட்டுக்கான். நீ சும்மா கெட." பெரியப்பா மகன் பேசத்தான் இல்லை, கேட்டான் அல்லவா, என்று இவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அணைவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"பிள்ளை வலு வடிவு. கண்ணைப் பாருங்கோவன்" என்றாள் சுகிர்தா, கயலின் கன்னத்தைத் தொட்டு. "என்னையே பாக்கிறாள். வாயைப் பாக்கிறாள். பசியோ?" வடிவு சடாரென்று, "அக்கா, உங்க பொண்ணு எதுக்கு அந்த ஐஸைச் சுரண்டுனா?" என்று கேட்டாள். "அதுவோ? வழுக்கினா அவளுக்கு நிக்கேலாது. மற்றவைக்கு ஓடவேணும், இவளுக்கு நிக்கவேணும். அதால தன்ர இடத்தை மட்டும் கரடுமுரடா ஆக்கி வச்சிருப்பாள்." நிற்பதற்காகவா! வடிவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கேட்கக் கேட்கத் தெரிந்துகொள்ள என்னென்னவோ இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று பேர் வேலி தாண்டி வெளியே குதிக்கிறார்களே, வேறு மூன்று பேர் உள்ளே குதிக்கிறார்களே, யார் சொல்லி? நடுவர் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே ஓடுகிறாரே, விசிலும் ஊதவில்லை, எதற்கு? சுகிர்தா சளைக்காமல் சொன்னாள், பத்து வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்குக் காரோட்டிப் பனி அரங்குகளில் உட்கார்ந்து கற்றது. "பிழை செய்தவளின்ர ஆக்களிட்டப் பந்து போகும்வரை விசில் ஊத மாட்டார். பந்தெண்டு நான்தான் சொல்றது, மதுஷாவுக்கு விசர் வரும், அம்மா அது பக் எண்டு கத்துவாள்." பிறகு மறுபடி எழுந்து நின்று, "வடிவா! வடிவாப் பார்!" என்றாள். இந்தத் தடவை தெரிந்தே இருந்தும் வடிவுக்கு முதுகு நிமிர்ந்தது. "அவளுக்கு இங்க கத்துறது கேக்குமாக்கா?" "எங்க கேக்கிறது? தலைக்கவசத்துக்குள்ள ஒண்டும் கேளாதாம். எங்கட சத்தம் முழுக்க ஒரு இரைச்சல்தானாம். கத்தாதேங்கோ எண்டுதான் சொல்லுவாள். ஆனா நான் கத்தாமல் இருக்கேலுமே? என்ர வாய் சும்மா இருக்காது." அவள் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து அதன் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், இஞ்சி போட்டது. கேளாதாம். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்.

ஒன்பது பன்னிரண்டு. இன்னும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோல் விழுந்தாலும் சங்கு ஊதும் என்பது வடிவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, அதுவும் சுகிர்தாவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது. நீலச் சட்டைக்காரி ஒருத்தி இந்தப் பக்கம் பாய்ந்து வந்தாள், மதுஷா முழங்காலைத் தரையில் பரப்பிக் குறுக்கே விழுந்தாள், வடிவின் மனசு, போ, உள்ளே போ என்றது. போகவில்லை. சுகிர்தா நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள். சே, என்ன பிறவி நான், பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அவள் பிள்ளை தோற்க வேண்டும் என்கிறேனே என்று வடிவு கூசிப்போனாள். அந்தப் பக்கத்து வலையில் விழட்டுமே என்று திருத்திப் பார்த்தாள். ஆனால் விழ வேண்டும் என்று நினைக்கிறேனா, விழக் கூடாது என்று நினைக்கிறேனா? ஊதினால் தெரிந்துவிடும். தெரிந்தது என்றால் தெரியாது என்று ஆக்க முடியாது. இப்போது இந்த நிமிஷம் வரைக்கும் கயலுக்குக் கேட்கவும் கேட்கிறது, கேட்கவும் இல்லை, இரண்டு கயலும் இந்த ஒரே மடியில்தான் உட்கார்ந்து தாலிக்கொடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊதினால் ஒருத்தி போய்விடுவாள். அந்த ஒருத்தி, சித்தியின் மில் சங்கையும் மழையையும் நயினார் குளிக்கும்போது பாடுகிற கண்ணராவிப் பாட்டையும் கேட்டு வளரப்போகிற அந்த ஒருத்தி. வேண்டாம், ஊதவே வேண்டாம். அப்படியே எழுந்து போய்விடலாமா? நாளைக்கும் ஆட்டம் இருக்கிறதே. நாளைக்கு. இந்த நாளைக்கைத்தானே அவள் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் சொன்னது.

ஆஸ்பத்திரி இல்லை, அதற்கு இந்த ஊர்க்காரர்கள் நெவ்வோலா என்கிறார்கள், பிள்ளைகளை எடை பார்க்கிற, ஊசி போடுகிற இடம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று பாளையங்கோட்டையில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் பிறந்த பிள்ளை, பிறந்தவுடன் காதுக்கு என்று தனியாக யாரும் எதுவும் பார்க்கவில்லை. கயலுக்கு எட்டாம் மாசம் நடக்கும்போது இங்கே ஒரு நர்ஸ் பார்த்தாள். தொடையில் வைத்துப் பிள்ளையை உட்கார்த்தச் சொன்னாள், எதிர்முகமாக, இதே மாதிரி. பிறகு பின்னால் போய் நின்றுகொண்டு, பிள்ளைக்குத் தெரியாமல், இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு குட்டி மணியை ஆட்டினாள். மணி ஆடியதை வடிவு பார்த்தாள். பார்த்தாள் என்றால், கண் போயிற்று, இடது பக்கம். அம்மாவின் கண் போன பக்கம் கயலும் திரும்பினாள். வலது காது. அப்போதும் கண் போயிற்று. முதல் தடவை தானாகப் போனது. இரண்டாவது தடவை? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வடிவின் நினைப்பு சைக்கிள் செயின் போல நழுவிவிடும், மறுபடி மாட்டி மறுபடி மிதிக்க வேண்டும். இரண்டாவது தடவை தானாகப் போனதா, அனுப்பினாளா? நர்ஸ், ரொம்ப நல்லது என்று சிரித்து ஏதோ குறித்துக்கொண்டாள். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா, கவலை ஏதாவது உண்டா என்று நிதானமான இங்கிலீஷில் கேட்டாள், நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். நோ, சிஸ்டர் என்றாள் வடிவு. அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம். நாளைக்கு.

ஏழாம் வகுப்பில் ஜெபக்கனி என்று ஒருத்தி. வாய்மொழிப் பரீட்சையில் எழுந்து நின்றால் எல்லாம் மறந்துபோகும், உடனே வடிவின் உதட்டைப் பார்ப்பாள், இவள் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள், அவள் அதைப் படித்துப் பதில் சொல்வாள். ஒரு வருஷம் ஓடியது. சிஸ்டர் கிளமென்சியா ஒரு நாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "செண்பகா, நீ அவளுக்கு ஹெல்ப் பண்றதா நெனைக்கிறியா? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியாதுங்கிறதை எனக்குத் தெரியவிடாமப் பண்ணிட்டே. இனி நான் எதை அவளுக்குச் சொல்லிக் குடுக்க?" என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருக்கலாம். ஜெபக்கனி இப்போது எங்கே இருக்கிறாளோ, வாய்ப்பாடு தெரியுமோ தெரியாதோ.

இரண்டு நிமிஷம் இருபது. கயல் நெளிய ஆரம்பித்தாள். கீழே கோல்கீப்பர் வலைக்கு மேலே வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து முகத்தில் பீய்ச்சிக்கொண்டு, மட்டையை ஒரு தடவை உச்சி வரிசையைப் பார்த்து உயர்த்தினாள். சுகிர்தா கையைத் தூக்கி ஆட்டினாள், முகமெல்லாம் பல்லாக. வடிவு ஒரு திட்டம் போட்டாள், பரீட்சைக்குப் போடுவது மாதிரி. சைபர் வரும்போது கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, பனியைப் பார்க்கக் கூடாது, பிள்ளையின் நெற்றியை மட்டும் பார்க்க வேண்டும், முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் ஐந்து. ஐம்பது. இதோ வந்துவிடும், இன்னும் ஐம்பதே எண்ணிக்கை, மனசுக்குள் எண்ணிக்கொண்டு, நாற்பத்தைந்து, நாற்பத்து மூன்று என்று வரும்போது, கீழே எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒருத்தி சும்மா தட்டிவிட்ட வில்லை யாரோ ஒருத்தியின் காலில் பட்டுத் திசைமாறி, மதுஷாவின் கையுறைக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த நாலு விரல்கடை இடுக்கில் போய் விழுந்தது.

சங்கு ஊதியது. எல்லாரும் எழுந்தார்கள். வடிவு பார்த்தபோது தன் இரண்டு உள்ளங்கைகளும் கயலின் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தன. எப்போது போயின? யார் அனுப்பியது? பொத்திய கைக்குள் பிள்ளையின் தலை சூடாக, இளநீர்க் காய் மாதிரி இருந்தது. கயல் சுற்றுமுற்றும் பார்த்தாள், கேட்டுப் பார்த்தாளா, எல்லாரும் எழுந்ததைப் பார்த்துப் பார்த்தாளா, அம்மாவின் கை பட்டதால் பார்த்தாளா, போயிற்று, மறுபடியும் விடையைக் காட்டிக் கொடுத்தாயிற்று, இந்தத் தடவை கண்ணால் அல்ல, கையால். சங்கு நின்றது. கையை எடுக்க வரவில்லை. சுகிர்தா எழுந்திருக்கவில்லை. வலைக்கு முன்னால் முழங்காலில் கிடந்த முப்பத்தொன்றாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மெல்ல எழுந்து, பின்னால் திரும்பி வலைக்குள் கிடந்த வில்லையை மட்டையால் வெளியே தள்ளினாள், பிறகு தன் இடத்தை மறுபடி காலால் சுரண்டினாள். "பறவாயில்லை பிள்ளை" என்றாள் சுகிர்தா. கத்தவில்லை, பக்கத்தில் இருக்கிறவளிடம் பேசுவது போல, கேளாது என்று தெரிந்தே, அவ்வளவு தூரத்தில் நிற்கிற மகளிடம் சொன்னாள். "போனது போகட்டும். அடுத்ததை வடிவாப் பார்."

நாற்பத்தொரு வினாடி என்று நின்றிருந்த கடிகாரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. வடிவு காதிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை, வெறும் கைகளை நம்ப முடியாது. பிள்ளையைத் தொடைமேல் நன்றாக உட்கார்த்தி, கோட்டின் பெல்ட்டைக் கயலின் இடுப்பைச் சுற்றித் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள், முன்பக்கம் சாயாமலிருக்க இரண்டு முழங்காலையும் உயர்த்திக்கொண்டாள், அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் தன் தொடைக்கு அடியில், பிளாஸ்டிக்கோடு சேர்த்து வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி ஐஸ்கட்டி. இருபத்தெட்டு இருக்கும். கயலின் நெற்றியில் மைப்பொட்டு லேசாக இழுபட்டிருந்தது. எதிலிருந்து வந்தது இந்த நெற்றி, நயினார் வீட்டு நெற்றி. பன்னிரண்டு இருக்கும். மூக்கில் ஒரு சின்ன வெள்ளைப் பொறி. கேட்கட்டும், முருகா. மாதாவே. யாராவது. கேட்காவிட்டாலும் இதே மூக்குத்தான். என் முகம் சுவர், என் முகம் சுவர். பெரிய சத்தத்துக்கு முன்னால் வருகிற ஒரு மௌனம் உண்டே, அப்படி ஒன்று வந்ததா, இல்லை, அவளுக்குத்தான் அப்படி இருந்ததா.

ஊதியது. விலா எலும்புக்குள் புகுந்து, பல்லில் கூசி, நீளமாக, முடிவே இல்லாமல் ஊதியது. இரண்டாம் வரிசையில் ரோஸ் காதுமூடி போட்டிருந்த குழந்தை மூடியையும் மீறி வீறிட்டது. முன்வரிசைக் கிழவர் காப்பியைக் கோட்டில் சிந்திக்கொண்டார். வடிவின் கண் இமைக்கவில்லை, உதடு அசையவில்லை, தொடைக்கு அடியில் இரண்டு கைகளும் பிடிபட்ட கோழிகள் மாதிரி துள்ளின, துள்ளட்டும் என்று அழுத்தினாள். கயல் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் பார்க்கிற அதே இடம். வாய் மூடியே இருந்ததில் அவளுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும், புருவத்தைச் சுருக்கினாள், எச்சில் ஒழுகுகிற ஆள்காட்டி விரலை நீட்டி, அந்த மகா சத்தத்துக்கு நட்டநடுவே, வெகு நிதானமாக, அம்மாவின் மேலுதட்டைத் தூக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

சங்கு நின்றது. ஆட்டக்காரிகள் வரிசையாக உள்ளே போனார்கள். சுகிர்தா பிளாஸ்க்கை மூடிப் பையில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, "ஒண்டுதானே. இன்னும் ஒரு பீரியட் கிடக்கு" என்று திரும்பியவள், அப்படியே நின்றாள். "என்ன பிள்ளை இது? ஏன் அழுறீங்கள்? கோல் வாங்கினது என்ர பிள்ளையெல்லே!" வடிவுக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்தது. தொடைக்கு அடியிலிருந்து கைகளை உருவினாள், இரண்டும் விறைத்து மரத்துப்போயிருந்தன, முகத்தைத் துடைக்கக்கூட விரல் மடங்கவில்லை. பெல்ட்டை அவிழ்க்க முடியாமல் பிள்ளையோடு சேர்ந்து கட்டுண்டபடியே, "அக்கா, இவளுக்குக் காது கேக்கல" என்றாள். சொன்னதும் அந்த வாக்கியம் தனக்கு வெளியே போய் நின்றது போல இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு ஆள் மாதிரி. சுகிர்தா ஐயோ என்று சொல்லவில்லை. மெதுவாகக் குனிந்து பெல்ட்டின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள், கயல் அவள் கையை ஆராய்ச்சியாகப் பார்த்தாள். "எப்ப தெரியும்?" என்று கேட்டாள் சுகிர்தா.

"இப்பத்தான்" என்றாள் வடிவு. கீழே மெஷின் உள்ளே வந்து, கீறலும் சுரண்டலுமாகக் கிடந்த பனியை ஓரத்திலிருந்து இழைக்கத் தொடங்கியது. அது ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வருகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. நாலு மாசமாத் தெரியும்."